எட்டடிக் குழி

ஐப்பசி பதினாலு. கூத்தாநல்லூரில் ஒன்பதாம் நாள் மழை.
ஜுனைதா வீட்டு முன்னறையில்
நாற்பத்திரண்டு லாட்ஜ் விரிப்புகள்
நாற்காலி முதுகில், கதவு விளிம்பில், மின்விசிறி இறக்கையில்கூட,
காயாமல் நாறுகின்றன.
நடுவே நிற்கிறது
நியூ ஜெர்சியிலிருந்து கப்பலேறி வந்த வெள்ளைப் பெட்டி.
அதன் வாலில் நாலு பல்.
நம்மூர்ச் சுவரில் அதைக் கவ்வும் வாய் இல்லை.

கொழுந்தன் இஷாக் செல்போனில் பார்த்து முடித்திருந்தார்:
"ரெண்டு உயிர்க்கம்பி கேக்குதுண்ணே. மீட்டர்ல மூணு ஃபேஸ் இருக்கு.
ரெண்ட எடுத்துக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

அவர் கேட்டது முட்டாள்தனமில்லை.
அங்கே இரண்டு கம்பிக்கு நடுவில் இருநூற்று நாற்பது வோல்ட்.
இங்கே இரண்டு ஃபேஸுக்கு நடுவில் நானூற்றுப் பதினைந்து.
கொடுத்திருந்தால்
துணிக்கு முன்னால் பெட்டி கரிந்திருக்கும்,
பெட்டியோடு யார் யாரோ.

இது வேண்டாம் என்றேன்.
மோட்டார் பாதி வோல்ட் கேட்கும், அதற்கொரு டிரான்ஸ்ஃபார்மர்,
அப்படியும் அறுபது சுற்றுக்குப் பிறந்தது ஐம்பதில் திணறிச் சூடேறும்.
ஜுனைதா என்னைப் பார்த்த பார்வை
கூலி கேட்டவனைப் பார்க்கும் பார்வை இல்லை.
கப்பல் கூலி கட்டியவளின் பார்வை.

பதினெட்டு நாளில் கோயம்புத்தூரிலிருந்து இன்னொன்று வந்தது.
இருநூற்று முப்பது வோல்ட், நாலாயிரத்து ஐந்நூறு வாட்.
"குளியலறை ஹீட்டர் பாயிண்ட்டுல சொருகிக்கலாமா?"
பலகையைக் கழற்றிக் காட்டினேன்.
உள்ளே பல்லி முட்டை இரண்டு,
பழுப்பேறிய பிளாஸ்டிக், நூலளவு கம்பி.
இருபது ஆம்பியர் இதில் ஓடினால்
சுவர் முதலில் வெதுவெதுக்கும், பிறகு பேசும்.

மீட்டரிலிருந்து தனி வழி. வேறு எதற்கும் பங்கு கிடையாது.
ஆறு சதுர மில்லிமீட்டர் செம்பு,
அதற்கேற்ற எம்.சி.பி., முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே
கையை உதறும் ஆர்.சி.சி.பி. ஒன்று.
"கடைக் கட்டணத்துக்கு மாத்தி எழுதிக் கொடுங்க.
வீட்டுக் கணக்குல லாட்ஜ் துணி ஓட்டக்கூடாது."
அதற்குத்தான் அதிகம் முகம் சுளித்தார்.

பிரிட்டோ கொல்லையில் எர்த்துக்குக் குழி வெட்டினான்.
மூன்றடியிலேயே தண்ணீர் எட்டிப் பார்த்தது.
வெண்ணாற்றுக்கு இந்தப் பக்கம் எல்லாக் குழியும் பாதிக் கிணறு.
எட்டடிக் குழாயை இறக்கி, கரி, உப்பு, கரி, உப்பு.
மீட்டர் வைத்தேன்: ஒன்றரை ஓம்.
பாறை ஊரில் வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும்
இது எவ்வளவு பெரிய கொடை என்று.
நெல்லுக்கு மட்டுமா நல்ல மண்,
வழிதவறிய மின்சாரத்தையும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறது.

நிமிர்ந்தபோதுதான் அதைக் கண்டேன்.

துணி காயப்போடும் கம்பி.
ஒரு முனை முருங்கை மரத்தில்.
மறு முனை,
தெருக் கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் இறங்கும் இரும்புக் குழாயில்.
ஒயரின் மேல்தோல் அங்கே உரசி உரசி வெளுத்திருந்தது.
இன்னும் நாலு காற்று, இன்னும் ஒரு மழை.
கம்பியில் ஒரு சிறு சட்டை, சிவப்பு,
கிளிப் மாட்டி, சொட்டிக்கொண்டு.

பதினொரு வருடமாக அதில்தான் உலர்த்துகிறார்களாம்.

"மிஷினைப் பத்தித்தானே பயந்தோம்" என்றார் ஜுனைதா.
நான் பதில் சொல்லவில்லை.
ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.
பிறகுதான் சட்டையை எடுத்தேன், பிறகுதான் கம்பியை அறுத்தேன்.
மின்வாரியத்துக்குப் போன் போட்டேன், ஒயரை மாற்ற.
மறுநாள் சாயங்காலம்தான் வந்தார்கள். அதுவரை வீடு இருட்டு.
கொடிக்கு இனி நைலான் கயிறு, சுவரிலிருந்து மரத்துக்கு.

மூன்றாம் நாள் பித்தானை அழுத்திச் சோதித்தேன். டக்.
"மாசம் ஒருதரம் நீங்களே அழுத்துங்க. விழுந்தா நல்லது.
விழலைன்னா என்னைக் கூப்பிடுங்க, அதுவரை தொடாதீங்க."
ஆறு விரிப்பைப் போட்டு ஓடவிட்டார்.
நான்கு நிமிடம் சுற்றியது.
ஊரே கரண்ட் போயிற்று.

இருட்டில் முதலில் சிரித்தது இஷாக்.
அமெரிக்கப் பெட்டிக்குள்ளிருந்து ஏதோ முனகிற்று:
டிரம்மில் பூனை, மூன்று குட்டிகளோடு.

கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.
அறுத்த கம்பியைச் சுருட்டி வண்டியில் மாட்டியிருந்தேன்.
புடலைப் பந்தலுக்கு ஆகும்.